மங்கலான கருவியும் மெலிந்த தடயமும்

(தொட்டியத்தில் பொதுமக்களுக்காக நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாழை விளையும் ஊரில் நியூட்ரினோவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதனால் வாழையிலிருந்தே தொடங்குகிறேன். வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது என்று டாக்டர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இயற்கையில் உள்ள பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகப் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை கலந்திருக்கிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள். நடுத்தரமான ஒரு பழத்தில் வினாடிக்குப் பத்துப் பதினைந்து அணுக்கள் சிதைகின்றன. ஒவ்வொரு சிதைவிலும் ஒரு நியூட்ரினோவோ ஓர் எதிர் நியூட்ரினோவோ வெளியே வருகிறது. நூறு காய் உள்ள ஒரு தாரிலிருந்து வினாடிக்கு ஆயிரத்துக்கு மேல் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பழம் தின்ன யாரும் அஞ்ச வேண்டியதில்லை. நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்திலேயே வினாடிக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட சிதைவுகள் நடக்கின்றன. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களோ, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வினாடிக்கு 6,500 கோடி. அத்தனையும் நம்மைத் தொடாமல் ஊடுருவிப் போகின்றன.

பொட்டாசியத்தின் எதிர் நியூட்ரினோவை இதுவரை யாரும் பிடித்ததில்லை. எதிர் நியூட்ரினோவைப் பிடிக்க இன்று பெரிதும் கையாளப்படும் வழி, அது ஒரு புரோட்டானில் மோதி நியூட்ரானாக மாற்றும் வினை. அதற்குக் குறைந்தது 18 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். பொட்டாசியம்-40 தருவது அதிகபட்சம் 13 லட்சம். வாசற்படியே ஏற முடியாது. பூமிக்குள் இருக்கும் யுரேனியமும் தோரியமும் அந்தப் படியைத் தாண்டுகின்றன. அவற்றின் எதிர் நியூட்ரினோக்களை ஜப்பானின் காம்லாண்ட் கருவி 2005இல் பதிவு செய்தது.

கருவிக்கு எட்டாத இந்தத் துகள்களைப் பற்றி இன்று நான் பேசப் போவதில்லை. கருவிக்கு எட்டி, ஆனால் மங்கலாகத் தெரிகிறவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நியூட்ரினோ கருவிகள் எல்லாமே ஆற்றலை அளப்பதில் ஏதோ ஓர் அளவுக்கு மங்கலானவை. இயற்பியலர்கள் தேடும் புதிய தடயங்களோ மிக மெலிந்தவை. நூற்றில் ஒன்று, சில சமயம் ஆயிரத்தில் ஒன்று. இப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு அப்படிப்பட்ட தடயத்தைத் தேடுவது நடக்கக்கூடிய காரியமா?

முதலில் இந்த மங்கல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சரியாக ஒரே ஆற்றலுள்ள ஆயிரம் துகள்களை ஒரு கருவிக்குள் அனுப்பினால், அது ஆயிரம் முறையும் ஒரே எண்ணைக் காட்டாது. சராசரியைச் சுற்றிச் சற்றுக் கூடவும் குறையவும் காட்டும். அந்தச் சிதறலின் அகலத்தைத்தான் ஆற்றல் பகுதிறன் என்கிறோம். துகள் ஒரு திரவத்தில் ஒளியை உண்டாக்குகிறது. அந்த ஒளியின் ஒரு பகுதி ஒளிப்பெருக்கிக் குழாய்களுக்கு வந்து எலக்ட்ரான்களை வெளியேற்றுகிறது. நாம் எண்ணுவது அந்த எலக்ட்ரான்களைத்தான். எண்ணிக்கை சராசரியாக 100 என்றால் அதில் 10 முன்பின் வரும். அதாவது 10 சதவீத மங்கல். 3 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டுமானால் 1,100க்கு மேற்பட்ட எலக்ட்ரான்களை எண்ணியாக வேண்டும். மங்கலை 10 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப் பத்து மடங்குக்கும் மேல் ஒளி வேண்டியிருக்கிறது. இயற்கை வைத்த விலை இது.

இன்னொரு கணக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். ஓர் ஆற்றல் கட்டத்தில் 10,000 நிகழ்வுகள் விழுந்திருக்கின்றன. அதில் ஒரு சதவீதம், அதாவது 100 நிகழ்வுகள், புதிய தடயத்தால் கூடுதலாக வந்தவை. ஆனால் 10,000 என்ற எண்ணிக்கையே தற்செயலாக 100 கூடிக் குறையும். எனவே தெரிவது தடயமா தற்செயலா என்று சொல்ல முடியாது. நிகழ்வுகள் 2,50,000 ஆனால் தற்செயல் ஏற்ற இறக்கம் 500, தடயம் 2,500. ஐந்து மடங்கு. இப்போது துணிந்து சொல்லலாம். கருவி பத்து மடங்கு மங்கலாக இருந்தால், ஒரு குறுகிய முகடு பத்து மடங்கு அகலத்தில் பரவும். அதன் அடியில் கிடக்கும் வேண்டாத நிகழ்வுகளும் பத்து மடங்காகும். இழந்த தெளிவை மீட்கப் பத்து மடங்கு தரவு வேண்டும். காத்திருந்தால் கிடைத்துவிடும்.

ஆக, மங்கலைக் காலத்தைக் கொடுத்து ஈடுகட்டலாம். ஈடுகட்ட முடியாதது ஒன்று இருக்கிறது. கருவி எவ்வளவு மங்கல், எந்த வடிவத்தில் மங்கல் என்பதை நாம் தவறாகத் தெரிந்துவைத்திருந்தால், நூறாண்டு தரவு சேர்த்தாலும் அந்தத் தவறு கரையாது. தரவு பெருகப் பெருகத் தவறான விடையில் நம்முடைய நம்பிக்கைதான் கூடும். நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான். இதை நிறுவிக் காட்டிய சம்பவம் ஒன்று உண்டு. பாடப்புத்தகங்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1985இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ஜான் சிம்ப்சன் ஓர் அளவீட்டை வெளியிட்டார். டிரிட்டியம் அணு பீட்டா சிதைவு அடையும்போது எலக்ட்ரானும் நியூட்ரினோவும் ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எலக்ட்ரான்களின் ஆற்றலை வரைபடமாகப் போட்டால் ஒரு வளைவு கிடைக்கும். நியூட்ரினோவில் ஒரு சிறு பங்கு கனமானதாக இருந்தால், அந்த வளைவில் ஓரிடத்தில் மிக மெல்லிய முறிவு தெரிய வேண்டும். சிம்ப்சன் டிரிட்டியத்தைச் சிலிக்கான் கருவிக்குள்ளேயே பதித்து அளந்தார். முறிவு தெரிந்தது. 17,000 எலக்ட்ரான் வோல்ட் நிறையுள்ள ஒரு நியூட்ரினோ, ஏறத்தாழ 3 சதவீதக் கலப்பு என்றார். மெய்யாக இருந்திருந்தால் துகள் இயற்பியலின் அடித்தளத்தையே மாற்றியிருக்கும். வேறு சிலர் காந்த நிறமாலைமானிகளைக் கொண்டு தேடினார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு கந்தகம்-35ஐ வைத்து ஆக்ஸ்போர்டில் ஹைமும் ஜெல்லியும் அளந்தார்கள். கார்பன்-14ஐ ஜெர்மானியப் படிகத்துக்குள் வைத்து பெர்க்லியில் ஒரு குழு அளந்தது. இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒரு சதவீத அளவில் முறிவு தெரிந்தது. வெவ்வேறு தனிமம், வெவ்வேறு நாடு, கண்டெடுத்ததோ ஒரே 17. கேட்டவர்கள் நம்பியதில் வியப்பில்லை.

அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் செய்த காரியம்தான் என்னைக் கவர்ந்தது. முறிவு இல்லை என்று ஒருவர் சொன்னால், இருந்தால் உங்கள் கருவிக்குத் தெரிந்திருக்குமா என்ற கேள்வி உடனே எழும். அதற்கு அவர்களிடம் பதில் இருந்தது. கந்தகம்-35இன் எலக்ட்ரான்கள் 1,67,000 எலக்ட்ரான் வோல்ட்டில் முடிகின்றன. கார்பன்-14இன் எலக்ட்ரான்கள் 1,56,000இல் முடிகின்றன. கந்தகத்தில் இம்மியளவு கார்பனைக் கலந்தால், கார்பன் முடியும் இடத்தில் கந்தகத்தின் வளைவில் ஒரு முறிவு செயற்கையாக உண்டாகும். அது கனமான நியூட்ரினோ உண்டாக்கும் முறிவைப் போலவே இருக்கும். அப்படிக் கலந்து கருவியில் வைத்தார்கள். கலந்த கார்பன் எவ்வளவு என்பதைத் தனியே அளந்து வைத்துக்கொண்டார்கள். கருவி அந்த முறிவைக் கண்டது, அளவை 1.4 சதவீதம் என்றும் சரியாகச் சொன்னது. கார்பன் இல்லாத தூய கந்தகத்தில் எந்த முறிவும் இல்லை. 1993இல் வந்த அந்த முடிவோடு விவாதம் ஏறக்குறைய ஓய்ந்தது.

அப்படியானால் மற்றவர்கள் பார்த்தது என்ன? ஆக்ஸ்போர்டு அளவீட்டைச் செய்த ஆண்ட்ரூ ஹைமே அதற்கு விடை தேடினார். எலக்ட்ரான்கள் கருவிக்கு வரும் வழியில் தடுப்புகளின் ஓரங்களில் பட்டுச் சற்று ஆற்றலை இழந்திருந்தன. கருவியின் மங்கலுக்கு அவர்கள் வைத்திருந்த கணக்கில் அந்த நீண்ட வால் சேரவில்லை. அதைச் சேர்த்ததும் முறிவு மறைந்துவிட்டது. தான் அறிவித்த கண்டுபிடிப்பைத் தானே சோதித்து விலக்கியவரை நான் பெரிய விஞ்ஞானியாகவே மதிக்கிறேன்.

மங்கலைச் சமாளிக்க இன்னொரு பாதையும் இருக்கிறது. கருவியால் துல்லியமாகச் சொல்ல முடியாததை அதனிடம் கேட்காமலே இருப்பது. அந்தப் பாதையில் நமக்கு முன்னே போனவர் இந்த மாவட்டத்துக்காரர். சர் சி.வி. ராமன் 1888 நவம்பர் 7இல் திருவானைக்காவலில் பிறந்தவர். கல்கத்தாவில் அவருடைய ஆய்வகத்தில் கே.ஆர். ராமநாதன் 1923இலேயே திரவங்களில் ஒரு மெல்லிய ஒளிர்வைப் பார்த்திருந்தார். அசுத்தத்தால் வரும் ஒளிர்வாக இருக்கலாம் என்று அப்போது நினைத்தார்கள். திரவத்தை எத்தனை தூய்மையாக்கியும் அது போகவில்லை. 1928இல் ராமனும் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நிற வடிகட்டிகளை வைத்துக்கொண்டார்கள். ஊதா ஒளியை மட்டும் விடும் வடிகட்டி ஒளி போகும் வழியில். அதை முற்றிலும் தடுக்கும் பச்சை வடிகட்டி கண்ணுக்கு முன்னால். ஒளி நிறம் மாறவில்லை என்றால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியக் கூடாது. ஆனால் தெரிந்தது. அலைநீளம் எவ்வளவு மாறியது என்று சொல்ல அந்த ஏற்பாட்டால் முடியாது. மாறியது என்று மட்டும் சொல்ல முடிந்தது. அதுவே போதுமாக இருந்தது. நிறமாலைமானி அதற்குப் பிறகுதான் வந்தது. விளைவு இல்லாவிட்டால் பூஜ்யம்தான் வர வேண்டும் என்றபடி சோதனையை அமைத்துக்கொண்டால், மங்கலான கருவியும் உறுதியாகப் பேசும்.

கோலார் தங்கவயலில் நடந்ததும் அதேதான். வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த சுரங்கம் அது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.வி. ஸ்ரீகண்டன், எம்.ஜி.கே. மேனன் போன்றவர்கள் அங்கே வெவ்வேறு ஆழங்களில் காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் உண்டாக்கும் மியூவான் என்ற துகள்களை எண்ணிவந்தார்கள். ஆழம் கூடக் கூட எண்ணிக்கை குறைந்தது. மிக ஆழமான மட்டத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை. வேறொருவராக இருந்தால் வீணான இரண்டு மாதம் என்று எழுதிவைத்திருப்பார். இவர்களோ நியூட்ரினோவுக்கு ஏற்ற இடம் இதுதான் என்று புரிந்துகொண்டார்கள்.

ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் குழுக்களும் சேர, ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவி அமைக்கப்பட்டது. துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகளால் இரண்டு செங்குத்துச் சுவர்கள், நடுவே நியான் குழாய்கள், ஈயத் தகடுகள். நியூட்ரினோவின் ஆற்றலை அந்தக் கருவியால் அளக்க முடியாது. அதனால் திசையைக் கேட்டார்கள். மேலிருந்து சாய்ந்து வரும் மியூவான் காற்றுமண்டலத்திலிருந்து வந்திருக்கலாம். கிடைமட்டமாக வரும் மியூவான் அப்படி வந்திருக்க வழியில்லை. அந்தத் திசையில் பாறை அத்தனை தடிமன். அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ மோதித்தான் அது பிறந்திருக்க வேண்டும். 1965 ஆகஸ்ட் 15ஆம் தேதியிட்ட இதழில் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே வேலையைச் செய்த ஃபிரெடரிக் ரைன்ஸ் குழுவின் கட்டுரை ஆகஸ்ட் 30இல் வந்தது. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகம் முதலில் கண்டது இந்த இரண்டு சுரங்கங்களில்தான்.

அதே கோலாரில் விடை கிடைக்காத ஒன்றும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். 1975இல் அந்தக் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. பல தடங்கள் ஒரே புள்ளியிலிருந்து விரிந்து போகும் ஒரு சில நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. அந்தப் புள்ளியோ பாறைக்குள் இல்லை, பாறைக்கும் கருவிக்கும் இடைப்பட்ட காற்றுவெளியில் இருப்பதாகத் தோன்றியது. காற்றில் நியூட்ரினோ மோதுவது அரிதிலும் அரிது. அப்படியானால் பாறையில் பிறந்து சற்று தூரம் பறந்து வந்து காற்றில் சிதைந்த ஏதோ புதிய கனமான துகளா? முடுக்கி ஆய்வகங்களில் தேடினார்கள், கிடைக்கவில்லை. தங்கவயல் கருவி தடங்களை நுட்பமாகப் பிரித்துக் காட்டக்கூடியது இல்லை. நிகழ்வுகளும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து அந்தப் பதிவுகளுக்குத் திரும்பி, கரும்பொருள் துகளின் சிதைவாக இருக்குமா என்று கேட்டு எழுதினார்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆர்கானில் செய்ததுபோல, தெரிந்த ஒன்றைச் செயற்கையாக உள்ளே வைத்துச் சோதித்துப் பார்க்கக் கோலாரில் வழியே இல்லை. இந்தியாவின் நியூட்ரினோ வரலாற்றில் என் மனத்தை விட்டு அகலாத கேள்வி இது.

அடுத்து, எந்த நிகழ்வை நம்புவது என்ற கேள்வி. ஜப்பானில் சூப்பர் காமியோகாண்டே என்ற 50,000 டன் நீர்த்தொட்டி 1998இல் நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுவதை நிலைநாட்டியது. ஆனால் மியூவான் வகை நியூட்ரினோ எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்ததற்கு வேறு விளக்கங்களும் இருந்தன. வழியில் அது சிதைந்துபோகிறது என்றார்கள் சிலர். அலைத்தன்மை கலைந்துபோகிறது என்றார்கள் சிலர். உண்மையிலேயே வகை மாறினால் குறைந்து மறுபடி கூட வேண்டும். சிதைந்தாலோ கலைந்தாலோ குறைந்தது குறைந்ததுதான். அந்தப் பள்ளத்தைப் பார்க்க வேண்டுமானால், பயணத் தூரத்தை ஆற்றலால் வகுத்த எண் தெளிவாகத் தெரிய வேண்டும். தொடுவானத்தை ஒட்டி வரும் நியூட்ரினோவுக்கு ஒரு சில டிகிரி பிழை வந்தாலே தூரம் பல நூறு கிலோமீட்டர் மாறிவிடும். எனவே 2004இல் அவர்கள் அப்படிப்பட்ட நிகழ்வுகளையும், ஆற்றல் மிகக் குறைந்தவற்றையும் ஒதுக்கினார்கள். எஞ்சியவற்றில், ஒரு ஜிகா, அதாவது நூறு கோடி, எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் என்ற இடத்தில் பள்ளம் தெரிந்தது. சிதைவும் கலைவும் பின்னுக்குப் போயின. கையில் இருந்த தரவில் கணிசமானதை விட்டுக்கொடுத்து அவர்கள் பெற்ற தெளிவு அது.

சில இடங்களில் மங்கலோடு நேருக்கு நேர் மோதித்தான் ஆக வேண்டும். மூன்று நியூட்ரினோ நிறைகளில் எது கனம், எது இலேசு என்ற வரிசை இன்னும் உறுதியாகவில்லை. சீனாவின் குவாங்தோங் மாகாணத்தில் 2025 ஆகஸ்டில் தரவெடுக்கத் தொடங்கிய ஜூனோ, அணு உலைகளிலிருந்து ஏறத்தாழ 53 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வகை மாற்றத்தில் ஏறக்குறைய ஒத்த இரண்டு அதிர்வெண்களை அது பிரித்தறிய வேண்டும். நிறைகளின் வர்க்க வேறுபாடுகள் இரண்டுக்கும் உள்ள விகிதம் முப்பதில் ஒன்று அளவு. கருவியின் மங்கல் அந்த 3 சதவீதத்துக்கு மேல் போனால் அலைகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். எவ்வளவு காலம் காத்திருந்தாலும் பெரிய பயனில்லை. அதனால்தான் 20,000 டன் ஒளிரும் திரவத்தைச் சுற்றி 20 அங்குலக் குழாய்களை மட்டும் 17,000க்கு மேல் பதித்திருக்கிறார்கள்.

அதே கேள்விக்கு நம் நாட்டினர் வகுத்த வழி முற்றிலும் வேறு. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலைக்குள் அமைப்பதாக இருந்த ஐகால் கருவியைச் சொல்கிறேன். 50,000 டன் காந்தமூட்டிய இரும்பு. 5.6 சென்டிமீட்டர் தடிமனுள்ள தகடுகள் ஏறத்தாழ 150 அடுக்கு. இடையிடையே 4 சென்டிமீட்டர் இடைவெளியில் கண்ணாடியாலான வாயுக் கருவிகள், மொத்தம் சுமார் 30,000. இரும்பு கனமானது, மலிவானது, ஆனால் ஆற்றலை அளப்பதில் மங்கலோ மங்கல். மோதலில் தெறிக்கும் ஹேட்ரான் என்ற துகள்களின் ஆற்றலில் 1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் 85 சதவீதம் பிழை. 15இல்கூட 36 சதவீதம். ஜூனோவின் 3 சதவீதத்தோடு சேர்த்துப் பேசவே கூச்சமாக இருக்கும் எண்கள். ஆனால் மியூவானின் திசையை ஏறத்தாழ ஒரு டிகிரிக்குள் அது சொல்லிவிடும். அதற்கும் மேலாக, காந்தப் புலத்தில் மியூவான் எந்தப் பக்கம் வளைகிறது என்பதைக் கொண்டு, வந்தது நியூட்ரினோவா எதிர் நியூட்ரினோவா என்று சொல்லும். பூமியின் பொருள் இந்த இரண்டையும் வெவ்வேறு விதமாகப் பாதிக்கிறது. எது கூடுதலாகப் பாதிக்கப்படுகிறது என்பதிலேயே நிறை வரிசைக்கான விடை அடங்கியிருக்கிறது.

அந்த 85 சதவீத மங்கலும் வீணில்லை. மியூவானின் ஆற்றலையும் திசையையும் மட்டும் பயன்படுத்தினால் 10 ஆண்டில் விடையின் உறுதி 2.5 சிக்மா அளவு, அதாவது தற்செயல் ஏற்ற இறக்கத்தைப் போல 2.5 மடங்கு. ஹேட்ரான் ஆற்றலையும் நிகழ்வுக்கு நிகழ்வு சேர்த்துக்கொண்டால் 3 சிக்மாவாக உயரும் என்று ஐகால் குழுவின் கணக்கு காட்டியது. பிழையின் வடிவம் சரியாகத் தெரிந்திருந்ததால் அவ்வளவு மோசமான அளவீட்டிலும் செய்தி இருந்தது.

வழக்கத்துக்கு மாறான தடயத்துக்கு இப்போது வருகிறேன். நமக்குத் தெரிந்த விசைகளைத் தவிர வேறொரு மெல்லிய விசையால் பூமியின் பொருள் நியூட்ரினோவைத் தொடுமானால், நான் சொன்ன அந்தப் பள்ளம் இடம் பெயரும். எவ்வளவு பெயரும் என்று பார்க்கப் பள்ளம் முதலில் எங்கே இருக்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். அது தெரியாது. நிறை வேறுபாட்டின் அளவீட்டிலேயே பிழை உண்டு, கருவியின் ஆற்றல் அளவிலும் பிழை உண்டு. அனில் குமார், அமினா காதூன், சஞ்சிப் அகர்வாலா, அமோல் திகே ஆகியோர் 2021இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். புதிய விசை நியூட்ரினோவின் பள்ளத்தை ஒரு பக்கம் தள்ளினால், எதிர் நியூட்ரினோவின் பள்ளத்தை மறுபக்கம் தள்ளும். நிறை வேறுபாட்டின் பிழையோ இரண்டையும் ஒரே பக்கமாகத்தான் நகர்த்தும். இரண்டு பள்ளங்களின் இடங்களைக் கழித்தால் பொதுப் பிழை விழுந்துவிடுகிறது. புதிய விசை இரட்டிப்பாகி நிற்கிறது. வாழை மண்டியில் தராசு ஒரு பக்கம் இழுக்கிறது என்று வையுங்கள். இரண்டு தாரையும் அதே தட்டில் மாற்றி மாற்றி ஏற்றி நிறுத்தால், எடை தவறாக வந்தாலும் எது கனம் என்பது தவறாது. ஐகால் 10 ஆண்டு ஓடினால், வழக்கமான விசையின் 2 சதவீதம் அளவுள்ள புதிய விசையைக்கூட இந்த முறையில் சோதிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. மியூவானின் மின்னூட்டத்தைப் பிரித்தறியாத கருவிகளுக்கு இந்தக் கழித்தல் வாய்க்காது.

இந்தக் கருவி கட்டப்படவில்லை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்தது. அதன் பின் போராட்டங்கள், நீதிமன்றத் தடை, பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, புலிகளின் வழித்தடம் பாதிக்கப்படும் என்பதைச் சொல்லி, திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. நியூட்ரினோ கதிர்வீச்சாகப் பாய்ந்து ஊரை அழிக்கும் என்ற அச்சத்துக்கு அறிவியலில் இடமில்லை. இந்த நேரத்திலும் அவை கோடி கோடியாக நம்மைக் கடந்துகொண்டிருக்கின்றன. ஆனால் பாறையை வெடிவைத்துக் குடைவதையும், தண்ணீரையும், மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டையும் பற்றி அந்த மக்கள் கேட்டவை நியாயமான கேள்விகள். அவர்களுக்கு உரிய காலத்தில், அவர்கள் மொழியில், பொறுமையாக விடை சொல்லியிருக்க வேண்டும். ஆராய்ச்சியை நேசிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. மதுரையில் 85 டன்னில் 11 இரும்பு அடுக்குகளோடு ஒரு சிறு ஐகால் 2018இலிருந்து காஸ்மிக் மியூவான்களைப் பதிவு செய்துவருகிறது. பெரிய கருவியில் அறுநூறில் ஒரு பங்கு. அது நியூட்ரினோவைத் தேடுவதற்காக வைத்ததில்லை. வாயுக் கருவிகளும் காந்தமும் எதிர்பார்த்தபடி நடந்துகொள்கின்றனவா, பிழை எத்தனை என்று அளப்பதற்காக வைத்தது. இவ்வளவு நேரம் நான் சொன்னதற்குப் பிறகு அந்த வேலையை யாரும் சில்லறை வேலை என்று நினைக்க மாட்டீர்கள்.

முசிறியிலும் திருச்சியிலும் இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆர்கானில் செய்ததை நீங்கள் கணினியில் செய்து பார்க்கலாம். ஒருவர் பீட்டா சிதைவு வளைவு ஒன்றைத் தற்செயல் எண்களால் உண்டாக்கட்டும். அதில் ஒரு சதவீத முறிவை விரும்பினால் ஒளித்து வைக்கட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடட்டும். பிறகு எல்லா எண்களையும் 5 சதவீதம் மங்கலாக்கி மற்றவரிடம் கொடுக்கட்டும். முதல் தடவை மங்கலின் அளவைச் சரியாகச் சொல்லுங்கள். அடுத்த தடவை 4 என்று தவறாகச் சொல்லுங்கள். தேடுபவர் தன் விடையைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒளித்தவர் வாய் திறக்க வேண்டும். நிகழ்வுகளைப் பத்தாயிரத்தில் தொடங்கி ஒரு கோடி வரை கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டு வரிசை விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்வரிசையில் இருக்கும் மாணவியரிடமிருந்து தொடங்குவோம்.